திரும்பப் போட்ட அட்டை

அந்தப் பைய மட்டும் உன் மடியில வச்சுக்கிடுதியாம்மா? உள்ள கண்ணாடி இருக்கு. மேல வச்சா இந்த டிரைவர் போடுத பிரேக்குக்கு உடைஞ்சுரும், கீழ வச்சா யாராவது மிதிச்சுருவாவ. என் மடியில கேக் இருக்கு, நாளைக்குப் புது வருஷம்லா. கேக்கையும் கண்ணாடியையும் ஒரே மடியில வச்சா ரெண்டுல ஒண்ணு போயிரும்.

ஆ, நல்லா இரு. எங்க போற, திருச்செந்தூருக்கா? நான் தென்திருப்பேரை தாண்டி இறங்கிருவேன். அதுவரைக்கும் பேசிக்கிட்டே போலாம். பஸ்ல வாய மூடிக்கிட்டு வந்தா எனக்குக் குமட்டும் பாத்துக்கோ.

என் பேரு வயலட். கண்ணாடிக்குள்ள இருக்கது என்னோடதில்ல, எங்க அடுத்த தெரு எப்சிபாவோடது. பாளையங்கோட்டையில போய் பிரேம் போட்டு வாங்கிட்டு வாட்டின்னு அனுப்பினா. எனக்கும் அவளுக்கும் அம்பத்தொம்பது வயசு, ஒண்ணாம் கிளாஸ்ல இருந்து ஒரே பெஞ்சு. அவ ஆஸ்பத்திரி நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. வீட்டுக்காரர் தவறிட்டாரு, ஒரே மகன் கத்தார்ல இருக்கான். சொந்தமா மாடி வீடு, பென்ஷன், நல்ல குரல். பாடகர் குழுவுல முன்வரிசை. நான் பின்வரிசை. இருக்கட்டும், குரல் கடவுள் குடுக்கது.

என் வயித்தெரிச்சல் என்னன்னு கேளேன். போன ஞாயிற்றுக்கிழமை வருஷக் கடைசி ஆராதனையில இவ சாட்சி சொல்ல எந்திச்சா. சாட்சின்னா, கடவுள் நமக்குச் செஞ்சத எல்லார் முன்னாலயும் சொல்லுதது. கால் மணி நேரம் சொன்னா. "இந்த வருஷம் பூரா ஒருநாள்கூட அவர் என்னைத் தனியா விடல, கூப்பிடுததுக்கு முந்தி வந்து நின்னார்"னு. சபையே அழுதுச்சு. பாஸ்டரம்மா மூக்க உறிஞ்சினாவ. நானும் காத்துக்கிட்டே இருக்கேன், இந்தா சொல்லிருவா, இப்ப சொல்லிருவான்னு. என் பேர ஒரு வார்த்த சொல்லணுமே! வருஷம் பூரா நாயா அலைஞ்சது நானு. சொல்லல. அல்லேலூயான்னுட்டு உக்காந்துட்டா.

ஆனா நான் கேக்கவும் முடியாது. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. அதத்தான் உன்கிட்ட சொல்லப் போறேன். உனக்கு எங்க ஊர்ல யாரையும் தெரியாது, அதனால தைரியமா சொல்லலாம்.

நீ நெத்தியில பொட்டு வச்சிருக்க, உனக்கு எங்க கோயில் வழக்கம் தெரியாதுல்லா. ஜனவரி ஒண்ணாம் தேதி காலையில ஆராதனை முடிஞ்சதும் ஒரு பெரிய தாம்பாளத்துல வாக்குத்தத்த அட்டை வச்சிருப்பாவ. ஒவ்வொரு அட்டையிலயும் ஒரு வேத வசனம். எல்லாம் கவுத்துத்தான் கிடக்கும். வரிசையாப் போய் ஜெபம் பண்ணிட்டு ஆளுக்கு ஒண்ணு எடுக்கணும். அந்த வருஷத்துக்கு கடவுள் உனக்குன்னு சொல்லுத வார்த்த அது. நல்லாருக்குன்னு பீரோவுல ஒட்டிக்கிடுவோம். சில பேரு தாம்பாளத்துக்கு முன்னால அஞ்சு நிமிஷம் கண்ண மூடிக்கிட்டு நிப்பாவ, பின்னால வரிசை வாசல் வரைக்கும் போயிரும். என் வீட்டுக்காரர் தனசிங் கைய விட்டு டக்குனு எடுத்துட்டு வந்துருவாரு. மூணு வருஷமா அவருக்குப் பயப்படாதேன்னே வருது. அவரு பயப்படுதது ஒரே ஆளுக்குத்தான், அந்த ஆளு நானு, எனக்கு அதுல ஒண்ணும் கஷ்டமில்ல.

ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைக்கல, ஆனா உண்டு. எடுத்தா எடுத்ததுதான். திரும்பப் போடப்படாது.

இந்த வருஷம் நான் எடுத்தேன். புரட்டிப் பாத்தேன். தண்ணிக்குள்ள போனாலும் கூடவே வருவேன், தீக்குள்ள நடந்தாலும் உனக்கு ஒண்ணும் ஆகாதுங்கற அர்த்தத்துல ஒரு வசனம். வார்த்த அப்படியே சொல்ல வராது எனக்கு. நல்ல வசனந்தானேன்னு நீ நினைப்ப. யோசிச்சுப் பாரு. கூட வருவேன்னா, போகப்போறது நான்தானே? தண்ணி வரும்னுதானே அர்த்தம்? அது மட்டுமா, அடுத்த வரியில தீ! அந்த மார்ச்சுல எங்க பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு செயலாளர் தேர்தல். நிக்கதா முடிவு பண்ணியிருந்தேன். அதுக்குத் தோதா உயர்த்துவேன், ஆசீர்வதிப்பேன்னு ஒண்ணு வரும்னு பாத்தா, தண்ணியாம் தீயாம்!

தாம்பாளத்தப் புடிச்சிருந்தது பாஸ்டரம்மா. அந்தச் சமயம் பாத்து ஒரு சின்னப் புள்ள மைக் வயர இழுத்துச்சு. அவிய "ஏ, விடு விடு"ன்னு திரும்பினாவ. நான் என்ன செஞ்சேன்னு எனக்கே தெரியல. அட்டைய ஓரத்துல சொருகிட்டு, அடியில இருந்து வேற ஒண்ண உருவிட்டேன். புரட்டினா, உன்னை உயர்ந்த எடத்துல நிறுத்துவேன்ங்கற மாதிரி! ஸ்தோத்திரம்னுட்டு நகந்துட்டேன்.

எனக்குப் பின்னால நின்னது எப்சிபா. அவ கண்ண மூடிக்கிட்டே கைய நீட்டி ஓரத்துல இருந்ததத்தான் எடுத்தா. அந்த ஓரத்துல.

வாசல்ல வந்து என் தோளப் புடிச்சு, "ஏட்டி வயலட், என் அட்டையப் பாரேன். எவ்வளவு நல்ல வார்த்த!"ன்னு காட்டினா. கண்ணெல்லாம் கலங்கியிருக்கு. எனக்கு வந்த தண்ணிய அவ தலையில கவுத்துட்டேம்லா!

செய்துங்கநல்லூர் வந்துட்டு போல. மழை தூறுது பாரு. ஜன்னல இறக்கு.

பொறவு நடந்ததக் கேளு. பத்தே நாள்தான். ஜனவரி பதினொண்ணு. எப்சிபா வீட்டு மொட்டமாடித் தண்ணித் தொட்டி விரிசல் விட்டு, மாடிப்படி வழியா அருவி மாதிரி வீட்டுக்குள்ள ஊத்துது. எனக்குத் தகவல் வந்தப்போ தோசக்கல்லு அடுப்புல. அப்படியே போட்டுட்டு ஓடினேன். அவ மெத்தைய, துணிய, பென்ஷன் பேப்பர எல்லாம் தூக்கி மேல வச்சு, வாளி வாளியா மொண்டு ஊத்தினோம். அவ பாட்டுப் படிச்சுக்கிட்டே மொண்டா. நான் மனசுக்குள்ள, "ஆண்டவரே, இது என் தண்ணி, இவளுக்கு ஏன்?"னு அழுதுக்கிட்டே மொண்டேன். வீட்டுக்கு வந்தா தோசை கரிக்கட்டையா இருக்கு. என் வீட்டுக்காரர் அதையே சுரண்டித் தின்னுட்டு எந்திச்சாரு. பயப்படாதேன்னு அட்டை வந்தவரு.

அன்னையில இருந்து எனக்குத் தூக்கம் போச்சு. தண்ணி வந்துட்டு, அடுத்து தீ வரணும்லா? தினமும் சாயந்தரம் அவ வீட்டுக்குப் போய் காஸ் டியூப மோந்து பாப்பேன். சும்மா போனா சந்தேகப்படுவாளேன்னு, ஒருநாள் ரசம் கொண்டு போவேன், ஒருநாள் பாட்டுப் புஸ்தகம் கேக்கப் போவேன். முன்னெல்லாம் மாசத்துக்கு ஒரு தடவ அவ வாசப்படிய மிதிச்சாப் பெருசு. முன்வரிசைக்காரி வீட்டுக்கு எதுக்குப் போகணும்னு இருப்பேன். இப்ப அவ வீட்டு நாயி என்னப் பாத்து குலைக்கத விட்டுட்டு.

மார்ச்சுல அவ முட்டி வீங்கிட்டு. டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா? நீர் கோத்திருக்குன்னாரு. தண்ணி! பாத்தியா, எங்கெல்லாம் வருதுன்னு. ஊசி வச்சு நீர எடுக்கணும், பதினெட்டாம் தேதி வாங்கன்னுட்டாரு. அன்னைக்குத்தான் எங்க சங்கத் தேர்தல். "நீ தேர்தலுக்குப் போட்டி, நான் ஆட்டோவுல போயிக்கிடுதேன்"னா. சரின்னு நானும் பட்டுச்சேல கட்டிட்டு சபை ஹால்ல போய் உக்காந்தேன். ஆரம்ப ஜெபம் முடிஞ்சுது. பியூலா என்னைய எதுத்து நிக்கா, பேசுதா, எல்லாரும் கை தட்டுதாவ. எனக்கு ஒண்ணும் காதுல ஏறல. முட்டியில ஊசி குத்துதது மட்டுந்தான் கண்ணுல தெரியுது. அது என் முட்டியா இருந்திருக்கணும். எந்திச்சு வெளிய வந்து பஸ் ஏறிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர பதினொண்ணர. அவ பெஞ்சுல தனியா உக்காந்திருக்கா, இன்னும் கூப்பிடல. என்னப் பாத்ததும் அவ முகம் இருந்துச்சு பாரு! அவ கையப் புடிச்சுக்கிட்டேன். நர்ஸா இருந்தவ, எத்தன பேருக்கு ஊசி போட்டவ, ஊசிக்கு அந்தப் பயம் பயப்படுதா. என் விரல நெரிச்சதுல மோதிரம் வளைஞ்சுட்டு.

பியூலா ஜெயிச்சுட்டா. உயர்ந்த எடமெல்லாம் அவளுக்கு.

ஜூன்ல அவ வீட்டு குக்கர் வால்வு பறந்து கூரையில அடிச்சுட்டு. நான் காஸ் டியூப மோந்து பாக்கப் போன நேரம். அடுப்ப அணைச்சது நான்தான். தீக்கு அதோட கணக்கு முடிஞ்சிருக்கும்னு மனசத் தேத்திக்கிட்டேன்.

என்னம்மா, சிரிக்க? சிரி சிரி, நல்லா சிரி. எனக்கும் இப்பச் சிரிப்பு வருது. அப்ப வரல.

இந்த மாசம் வந்த மழை ஞாபகமிருக்கா? எங்க வாய்க்கா உடைச்சுக்கிட்டு தெருவுக்குள்ள வந்துட்டு. எங்க தெரு மேடு, அவ தெரு பள்ளம். என் வீட்டுக்காரர் சொல்லுதாரு, "ஏ, எல்லாரையும் ஸ்கூலுக்கு கூட்டிட்டுப் போறாவ, எப்சிபாவும் போயிருப்பா"ன்னு. எனக்குத் தெரியும், அவ போயிருக்க மாட்டா. முட்டிய வச்சுக்கிட்டு இடுப்பளவு தண்ணியில எப்படி இறங்குவா? நான் இறங்கிட்டேன். இவரு "வயலட்டு, வயலட்டு"ன்னு கத்துதாரு. எனக்கு நீச்சல் தெரியாது. தெரு விளக்குக் கம்பத்தப் புடிச்சு, மதில் சுவரப் புடிச்சு போயிட்டேன். உண்மையச் சொல்லுதேன், பயத்துல வாயில ஜெபம்கூட வரல. இது எனக்குப் போட்ட தண்ணி, நான்தான் இறங்கணும்னு மட்டும் நினைச்சேன்.

அவ மாடிப்படியில உக்காந்திருந்தா, நாய மடியில வச்சுக்கிட்டு. ரெண்டு நாள் மொட்டமாடித் தண்ணித் தொட்டி நிழல்ல உக்காந்திருந்தோம். ஒரு பாக்கெட் ரஸ்க்கு, ஒரு ஊறுகா பாட்டில். உன்னை உயர்ந்த எடத்துல நிறுத்துவேன்னு அட்டை எடுத்தேம்லா, அதுக்கு எனக்குக் கிடைச்ச உயர்ந்த எடம் அந்த மொட்டமாடிதான்.

அங்க வச்சு நான் வாய் விட்டுக் கேட்டேன். "ஏட்டி, கூட இருப்பேன் கூட இருப்பேன்னு சொல்லுதவரு, தண்ணியவே வராம நிறுத்துனா என்ன? அவரால முடியாதா?"ன்னு. கோவத்துலதான் கேட்டேன். அவ ரஸ்க்கப் பிச்சு நாய்க்குப் போட்டா. பொறவு சொல்லுதா, "தண்ணி வரலன்னா நீ என் வீட்டுக்கு வந்திருப்பியாட்டி?"

குத்திக் காட்டுதா பாத்தியா! அட்டைய மாத்துனது தெரிஞ்சுபோச்சோன்னு, ஊறுகா பாட்டில மூடுத சாக்குல முகத்தத் திருப்பிக்கிட்டேன்.

இப்ப என்ன ஆச்சுன்னா, நேத்து என்னையக் கூப்பிட்டு அந்த அட்டையக் கையில குடுக்கா. "இந்த வருஷ அட்டையத் தூரப் போட மனசில்ல. பாளையங்கோட்டையில பிரேம் போட்டுட்டு வாட்டி. முன்னாலயும் பின்னாலயும் கண்ணாடி வேணும்"னு. நான் எந்த அட்டையத் திரும்பப் போட்டேனோ அதே அட்டை, வருஷக் கடைசியில என் கையிலயே வந்து நிக்கி.

அவ கிட்டச் சொல்லிரணும்னு இருக்கு. நாளைக்குக் காலையில மறுபடியும் தாம்பாளம் வரும். இதச் சொல்லாம நான் எந்த முகத்தோட கைய நீட்டுவேன்? ஆனா சொன்னா என்ன ஆகும்? "உன் கஷ்டத்த என் தலையில கட்டிட்டு, அதுக்குத்தான் ரசம் ரசமா கொண்டு வந்தியா?"ன்னு கேப்பா. கேக்கணும்லா? அம்பத்து மூணு வருஷச் சிநேகம். அதுலயும் இந்த ஒரு வருஷந்தான் உண்மையான சிநேகம். அது போயிருமேன்னுதான் எனக்கு அழுகையா வருது. வேற எதுக்கும் இல்ல.

பைய அந்தப் பக்கமாத் திருப்பு, உனக்குக் காட்டுதேன். மெதுவா. இது முன்பக்கம், வசனம். இப்பப் பின்னால பாரு. பென்சில்ல என்னமோ எழுதியிருக்கால்லா? எனக்கே கடையிலதான் தெரியும். பிரேம் போடுதவரு, "எழுத்து மறையாம போடணுமாம்மா?"ன்னு கேட்டாரு. அப்பத்தான் படிச்சேன். வாசிக்கேன் கேளு.

"ஜனவரி 11. தொட்டி உடைந்தது. வந்தார்."

"மார்ச் 18. ஊசி. தாமதம். ஆனாலும் வந்தார்."

"ஜூன் 22. குக்கர். வந்தார்."

"டிசம்பர் 9. வெள்ளம். தண்ணீர் வழியாக வந்தார்."

இப்படியே இருபது, இருபத்தஞ்சு. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுட்டு பாத்துக்கோ. ஏன்னா இதுல ஒவ்வொரு தேதியும் எனக்கு ஞாபகம் இருக்கு, அன்னைக்கெல்லாம் நானும் அங்கதான் இருந்தேன். ஆனா என் கண்ணுல அவரு ஒரு தடவகூடப் படல! அதே வீட்டுல, அதே அடுக்களையில. பதினெட்டாம் தேதியப் பாரேன், நானும் அன்னைக்குத் தாமதம், அவரும் தாமதம். எனக்காவது தேர்தல் இருந்துச்சு, அவருக்கு என்ன வேலையோ! குத்தம் செஞ்சவ கண்ணுக்குத் தெரியமாட்டாரு போல. அவ சுத்தமான மனசுக்காரி, பாத்திருக்கா.

ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. இந்தா இது. "அக்டோபர் 2. சும்மா வந்தார்." அவ்வளவுதான் எழுதியிருக்கா. அன்னைக்குத் தண்ணியும் இல்ல, தீயும் இல்ல, முட்டியும் வலிக்கல. லீவு நாளு. நான் என் பாட்டுக்கு முறுக்கு சுட்டதுல நாலு எடுத்துட்டுப் போனேன். அட்டை ஞாபகம்கூட அன்னைக்கு இல்ல எனக்கு. ரெண்டு பேரும் ஸ்கூல் கதை பேசி வயிறு வலிக்கச் சிரிச்சோம். அன்னைக்கும் அவரு வந்திருக்காராம். சும்மா.

ஏம்மா, ஏன் என்னைய அப்படிப் பாக்க? கண்ணு ஏன் கலங்குது? என்ன சொல்ல வாற? இரு இரு, தென்திருப்பேரை தாண்டிட்டு, அடுத்தது என் ஸ்டாப். பைய இங்க குடு. கேக்கை இந்தக் கையில புடிச்சுக்கிடுதேன். ஏ கண்டக்டர் தம்பி, இறங்கணும், இறங்கணும்!

அய்யோ, மழையப் பாத்தியா. இங்க இருந்து ஊருக்குப் போக ஒரு தரைப்பாலம் உண்டு, அதுக்கு மேல முட்டளவுக்குத் தண்ணி போவுது. காலையில வரும்போது காஞ்சு கிடந்துச்சே. கண்ணாடிய வச்சுக்கிட்டு நான் ஒத்தையில எப்படிக் கடப்பேன்? அன்னைக்கு வெள்ளத்துல போனவதான், ஆனாலும் பயமாத்தான் இருக்கு.

அந்தா... அங்கன நிக்கது யாரு, குடைய வச்சுக்கிட்டு? எப்சிபா! கால ஊனி நிக்க முடியாத பொம்பள, இந்தத் தண்ணியக் கடந்து இந்தக் கரைக்கு வந்திருக்கா பாரேன்! வரவேண்டாம்னு படிச்சுப் படிச்சு சொல்லிட்டுப் போனேன். கைய ஆட்டுதா பாரு. சேலை முட்டி வரைக்கும் நனைஞ்சிருக்கு. எனக்காக நனைஞ்சிருக்கா.

சரி, நான் சொல்லிருதேம்மா. இன்னைக்குச் சொல்லிருதேன். தரைப்பாலத்தத் தாண்டுன பொறவு சொல்லுதேன். முன்னாலயே சொன்னா, கோவத்துல நடுத்தண்ணியில என் கைய விட்டாலும் விட்டுருவா.

இல்ல. விடமாட்டா. நடுவுல வச்சே சொல்லுதேன்.